‘அறிவுஜீவிகள் மட்டும்’: அச்சுக்குப் போகுமுன் ஒரு மடல்

நம்மூரில் புதிதாகத் தொடங்கவிருக்கும் சிந்தனை மன்றத்தின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் அச்சகம் வைத்திருப்பவன் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் செயலாளர் தம்பி கடைக்கு வந்தார். தொடக்க விழா அழைப்பிதழின் வாசகத்தை வாட்சாப்பில் தட்டிவிட்டு, 300 அட்டை, தங்க நிற எழுத்து, வெள்ளிக்கிழமை காலைக்குள் வேண்டும் என்றார். முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு நல்ல ஆர்டர்தான். ஆனால் புரூப் எடுத்துப் பார்த்ததிலிருந்து வேலை ஓடவில்லை.

காரணம் கடைசி வரி. ‘நம்மூர் அறிவுஜிவிகள் மட்டும். பட்டச் சான்றிதழின் நகலுடன் முன்கூட்டியே பதிந்துகொள்ளவும்.’ முதலில் கண்ணில் பட்டது எழுத்துப்பிழை. ‘ஜீ’ நெடிலாக இருக்க வேண்டும், குறிலாக விழுந்திருக்கிறது. அதைத் திருத்திவிட்டேன், அது என் தொழில். திருத்திய பிறகு அந்தச் சொல்லை இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் பக்கத்திலிருக்கும் ‘மட்டும்’ என்பதையும் படித்தேன். அங்கேதான் கை நின்றுவிட்டது.

இதை உங்களிடம் தனியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் அழைப்பிதழ் வாசகம் ஏற்கெனவே நாலு குழுவில் சுற்றிவிட்டது. கோப்பிக் கடையில் நேற்று ஒரே பேச்சு: ‘ஏன் அண்ணே, நீங்க போக முடியாதாமே?’ என்று என்னிடமே கேட்டார்கள். ஊரே பேசும் விஷயத்தை மூடிய உறையில் எழுதி என்ன பயன்? அதனால்தான் திறந்த மடல்.

நான் எல்.சி.இ. என்ற மூன்றாம் படிவத் தேர்வில் தோற்றவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துக்கு முந்தைய ரிமூவ் வகுப்பு, பிறகு தோல்வி. அதன்பின் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோக்கச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் ஈய எழுத்து. ஆங்கிலக் கேஸ் ஆள் நின்ற இடத்திலேயே கை எட்டும் அளவுதான். தமிழுக்கு அப்படியில்லை, சுற்றிலும் அறைகள். ககர வரிசைக்கு ஒரு பக்கம், கொம்புகளுக்கு ஒரு பக்கம். யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ‘லை’க்கும் ‘னை’க்கும் தனித்தனி அறை. இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாறி இருக்கும். பொறுக்கும்போதே படிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ‘பால்’ ‘பல்’ ஆகிவிடும். பொறுக்குவதும் படிப்பதும் அங்கே ஒரே வேலை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்தாம் எனக்குப் பல்கலைக்கழகம். தைத்துக் கொடுப்பதற்குள் படித்துவிடுவேன். வாடிக்கையாளர்கள் ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று திட்டியதற்கு உண்மையான காரணம் இதுதான், இப்போது சொன்னால் தப்பில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் போட்டிருக்கும் சொல்லுக்கும் இந்தப் பொறுக்கலுக்கும் உறவு இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இன்டெலிஜென்சியா’ என்கிறார்களே, சமூகத்தின் அறிவாளிக் கூட்டம் முழுவதற்கும் ஒரே பெயராக, அதன் அடியில் கிடப்பது ‘லெகெரெ’ என்ற லத்தீன் வினை. அதற்குப் பொறுக்குதல், சேர்த்தெடுத்தல், படித்தல் என்று மூன்று பொருளும் உண்டு. ‘இன்டெர்’ என்றால் இடையில். இடையிலிருந்து பொறுக்கியெடுத்தல், இது வேறு அது வேறு என்று பிரித்தறிதல், அதுதான் அங்கே அறிவு. ‘எலீட்’ என்கிறோமே, மேல்தட்டு, அதுவும் அதே வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான்: வெளியே பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். தேர்தலுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘எலெக்‌ஷன்’கூட அந்த வீட்டுப் பிள்ளை.

தமிழைப் பாருங்கள். தேர்தல், தேர்வு, தேர்ச்சி, தேர்ந்தவர், எல்லாம் ஒரே வேர். தெரிதல் என்றால் அறிதல், தெரிந்தெடுத்தல் என்றால் பொறுக்குதல். வள்ளுவர் 47ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்து செயல்வகை, 51க்குத் தெரிந்து தெளிதல், 52க்குத் தெரிந்து வினையாடல் என்று பெயர் வைத்திருக்கிறார். மூன்றிலும் ஆராய்தலும் தேர்ந்தெடுத்தலும் பின்னிக் கிடக்கின்றன. லத்தீன்காரனும் தமிழனும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலேயே ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். என் அம்மா கடைசிப் பத்து வருடம் செம்பனை எனும் எண்ணெய்ப் பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார். குலை விழுந்ததும் சிதறும் பழங்களில் நல்லதையும் அழுகலையும் கல்லையும் காய்ந்த இலையையும் விரல் தானாகவே பிரிக்கும். சாக்கில் குப்பை சேர்ந்தால் தரம் பார்க்கும் இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். ‘இடையிலிருந்து பொறுக்கியெடுத்தல்’ என்பதை அகராதியில் படித்தபோது எனக்கு அம்மாவின் விரல்கள்தாம் ஞாபகம் வந்தன. (நம் மொழியில் ‘பொறுக்கி’ மட்டும் எப்படி வசவாகப் போனது என்பது வேறு கதை. மன்றத்தில் யாராவது கட்டுரை வாசியுங்கள், வந்து கேட்கிறேன்.)

சரி, ‘இன்டெலிஜென்சியா’ என்ற சொல்லின் பயணத்துக்கு வருகிறேன். அது லத்தீனிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வரவில்லை. போலந்தில் கரோல் லிபெல்ட் என்ற தத்துவ அறிஞர் 1844இல் தாய்நாட்டுப் பற்றைப் பற்றி எழுதும்போது, படித்து முன்னே நின்று மக்களை நடத்த வேண்டிய கூட்டத்துக்கு இந்தச் சொல்லை வைத்தார். அப்போது போலந்து என்ற நாடு வரைபடத்திலேயே இல்லை, மூன்று பேரரசுகள் பிய்த்துக்கொண்டிருந்தன. நாடில்லாதவர்களுக்குப் படித்தவர்கள்தாம் நாடு என்ற ஏக்கம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ரஷ்யாவில் 1860களில் பொபொரீகின் என்ற நாவலாசிரியர் அதைப் பரப்பினார், தானே உண்டாக்கியதாகவும் சொல்லிக்கொண்டார். அங்கிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது.

ஆனால் பொபொரீகினுக்கும் லிபெல்டுக்கும் முன்பே அந்தச் சொல் ஒரு நாட்குறிப்பில் இருக்கிறது. அதைப் படித்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன். ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்யக் கவிஞர் 1836 பிப்ரவரியில் எழுதியது. பீட்டர்ஸ்பர்க் நகரத்து மைதானத்தில் மரத்தால் கட்டிய கொட்டகையில் வேடிக்கைக் காட்சி நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்துக்கொண்டது. பார்க்க வந்த சாதாரண மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தார்கள். அது நடந்து மூன்று மணி நேரத்துக்குள், அதே ஊரில் ஒரு மாளிகையில் விளக்குகள் ஏற்றப்பட்டன. நடன விருந்து. வண்டி வண்டியாக உயர்குடியினர் வந்து இறங்கினார்கள். அவர்களைச் சுட்டித்தான் கவிஞர் எழுதுகிறார்: ரஷ்யாவின் ஐரோப்பிய ‘இன்டெலிஜென்சியா’ முழுவதற்கும் இவர்கள்தாமே பிரதிநிதிகள் என்று. நமக்குத் தெரிந்தவரை அந்தச் சொல்லின் மிகப் பழைய வருகைகளில் ஒன்று இப்படிச் சாம்பல் வாசனையோடு வந்திருக்கிறது. பாராட்டாகவா எழுதினார்?

பிறகு ரஷ்யாவில் அந்தச் சொல் வேறு முகம் எடுத்தது. படித்தோம், பட்டம் வாங்கினோம் என்பது போதாது, படிக்காதவனுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைப்பவர்தாம் அந்தக் கூட்டம் என்றாயிற்று. 1874 கோடையில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ‘மக்களிடம் போகிறோம்’ என்று கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். குடியானவர் உடை போட்டுக்கொண்டார்கள், சிலர் செருப்புத் தைக்கவும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார்கள். கிராமத்து மக்களோ இவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள், சில இடங்களில் போலீஸில் பிடித்துக் கொடுத்தார்கள். கடைசியில் 193 பேர் மேல் ஒரே வழக்கு. பாவம், போனது தப்பில்லை. சொல்லிக்கொடுக்கப் போனார்கள், கேட்கப் போகவில்லை, அவ்வளவுதான்.

பிரான்ஸில் கதை இன்னும் வேடிக்கை. ஆல்பிரட் திரைஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைச் செய்யாத குற்றத்துக்குத் தண்டித்துத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1898 ஜனவரி 13ஆம் தேதி எழுத்தாளர் எமில் ஸோலா பத்திரிகையின் முதல் பக்கத்தில் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் திறந்த மடல்தான். அடுத்த நாளே எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்ட எதிர்ப்பு அறிக்கை வந்தது. எதிர்த்தரப்பில் இருந்த மொரீஸ் பாரெஸ் என்ற எழுத்தாளர் அவர்களைக் கிண்டலாக ‘அறிவுஜீவிகள்’ என்றார், நம் கோப்பிக் கடையில் ‘பெரிய அறிவுஜீவி வந்துட்டாரு’ என்கிறோமே, அந்தத் தொனியில். கிண்டல் பெயரையே அவர்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். ஸோலாவுக்கு அதே ஆண்டு தண்டனை விழுந்தது, இங்கிலாந்துக்கு ஓடிப்போனார். நல்லவேளை, எனக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. நீங்கள் ஆர்டரை ஈப்போவுக்கு மாற்றுவீர்கள், அவ்வளவுதானே.

இந்த நாடுகளில் யாரும் ‘நான் அறிவுஜீவி’ என்று தன் அட்டையில் தானே அச்சடித்துக்கொண்டு தொடங்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒருவர் கோபத்தில் சொன்னார், ஒருவர் ஏக்கத்தில் சொன்னார், ஒருவர் கேலியில் சொன்னார். நாம்தான் தங்க நிறத்தில் கேட்கிறோம்.

நம் சொல்லையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். அறிவு தமிழ், ஜீவி வடமொழி. இலங்கைத் தமிழர் புத்திஜீவி என்பார்கள், அது முழுக்க வடமொழி. ஜீவி என்றால் ஜீவிப்பவர், அதாவது அதைக் கொண்டு பிழைப்பவர். ஆக, அறிவுஜீவி என்றால் அறிவை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர். உளியை வைத்துப் பிழைத்தார் என் அப்பா, உங்கள் தலைவர் ஐயா சட்டத்தை வைத்துப் பிழைத்தார். சொல் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உயர்வு நவிற்சியெல்லாம் நாம் ஏற்றியது.

மலாய் மொழியிலும் அறிவாளியைச் சொல்லும்போது ‘செண்டெக்கியாவான்’ என்று கடைசியில் ‘வான்’ வைக்கிறார்கள், நம் தனவான், பலவான் போல. பட்டத்துக்கும் பட்டம் பெற்ற அறிஞருக்கும் அவர்கள் சொல்லும் ‘சர்ஜானா’, சமஸ்கிருதத்தின் ‘சஜ்ஜன’ என்பதிலிருந்து வந்தது, நல்ல மனிதன் என்று பொருள். ‘பூஜாங்கா’ என்றால் அங்கே பெரும்புலவர், மூலத்தில் புஜங்கம், பாம்பு! புலவர்களைக் கிட்டத்தில் பார்த்த யாரோதான் வைத்திருக்க வேண்டும்.

சரி, நம் தோட்டத்துக்கு வருவோம். நமக்கு முதல் அறிவுஜீவி யார்? கிராணி. மலாயில் கெரானி, வங்காளத்திலும் கேரானிதான், எழுத்தர். ஆங்கிலத்தில் கிளார்க். அந்தக் கிளார்க் என்ற சொல்லுக்கும் கோயில் குருமாரைக் குறிக்கும் ‘கிளெரிக்’ என்ற சொல்லுக்கும் ஒரே மூலம், ஏனென்றால் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் குருமார் மட்டும்தான். கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் அதே வேரிலிருந்து ‘கிளெரிசி’ என்று ஒரு சொல் செய்தார், நாட்டின் படித்தோர் குழாம் என்ற பொருளில். அவர் 1830இல் எழுதியதில் ஒரு நல்ல எண்ணம் உண்டு: அந்தக் குழாத்தில் சிலர் மட்டும் அறிவின் ஊற்றுக்கண்ணில் இருந்து ஆராயட்டும், மற்றவர்கள் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் ஊருக்கு ஒருவராகக் குடியிருந்து வழிகாட்டட்டும் என்று. ஊருக்கு ஒரு கிராணி என்றால் நமக்கு உடனே புரியும்.

கிராணி நமக்கு இரண்டு விதமாகவும் இருந்தார். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்தில், பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையிலோ பழைய கொட்டகையிலோ நாலெழுத்து சொல்லிக்கொடுத்தவர்களில் கிராணியும் கங்காணியும் உண்டு. ஊருக்குக் கடிதம் எழுதியவர், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்குப் பாரம் நிரப்பியவர் அவர். அதே ஆள் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று இதுதான்: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம். அந்தப் போராட்டத்தில் முன்னே நின்றவர் ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். எழுத்தை வைத்துப் பிழைத்தவர், அதாவது அசல் அறிவுஜீவி. அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவருக்காகத் தொழிலாளர்கள் மறுபடி எழுந்தார்கள், துருப்புகள் வந்தன, உயிர்கள் போயின. பாரிசில் ஸோலாவைப் பற்றிப் பேசும் நாம் கிள்ளானில் நாதனைப் பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறோம்? உங்கள் முதல் ஆண்டு நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன், அதில் அவர் இல்லை. சேர்க்கலாம்.

என் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அவருக்கு எழுத்துத் தெரியாது. கைநாட்டு. ஒரு மைலோ டின் வைத்திருந்தார். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒரு ரப்பர் கொட்டையை அதில் போடுவார். மழையால் காலையில் தாமதமாக ரப்பர்ப் பால் வெட்டி, பால் பிடிக்கும் மங்கில் பாதியோடு திரும்பிய நாளுக்குச் சின்னக் கொட்டையாகப் பார்த்துப் போடுவார். சம்பள நாளன்று டின்னைக் கொட்டி எண்ணிவிட்டு ஆபீசுக்குப் போவார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒரு மாதம் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், 21 நாள் என்றார்கள். அத்தையிடம் 23 கொட்டை. ஆபீஸ் ஜன்னலில் மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து டின்னை எடுத்துக்கொண்டு போனார், நான் பின்னாலேயே ஓடினேன். மேசைமேல் கொட்டினார். கொட்டைகள் உருண்டு மைக்கூட்டில் மோதி நின்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ‘எண்ணிப் பாருங்க ஐயா’ என்றார், வேறு ஒரு வார்த்தை இல்லை.

கிராணிக்குக் கோபம் வந்தது, முகம் சிவந்தது. ஆனால் எண்ணினார். இரண்டிரண்டாக நகர்த்தி எண்ணினார். பிறகு செக்ரோலைத் திருப்பி, அடிக்கோலை வைத்து வரிவரியாக இறங்கினார். அத்தைக்குக் கீழே அதே பெயரில் இன்னொரு அம்மா. இரண்டு நாள் அந்த வரியில் விழுந்திருந்தது. சிவப்பு மையால் அடித்து, திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து கணக்கு முடிக்கும் முன்பு மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லி அனுப்புவார்: ‘அந்த டின்னை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு.’ டின்னையும் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் சரிபார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையிலிருந்து பொறுக்கியெடுத்ததுதான் அந்த மாதத்துச் சரியான கணக்கு. லத்தீன் அகராதியில் இருக்கும் பொருளை நான் நேரில் பார்த்த இடம் அந்த மேசை. அங்கே படித்தவர் ஒருவர், படிக்காதவர் ஒருவர். டின் இல்லாமல் ஏடு தப்பாக இருந்திருக்கும். இதில் யாருக்கு உங்கள் அட்டை போகும்? கிராணிக்குமே போகாது, அவர் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளித் தேர்வோடு நின்றவர்.

தமிழில் நல்ல சொல் வேண்டுமானால் சான்றோர் இருக்கிறது என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். வைக்கலாம்தான், ஆனால் அது இன்னும் கடினமான சொல். சால் என்றால் நிறைதல். புறநானூறு 312இல் பொன்முடியார் ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்று பாடியபோது அவர் மனத்தில் இருந்தது புத்தகம் படிக்கும் பிள்ளை இல்லை, அடுத்தடுத்த வரிகளில் கொல்லன் வேல் வடிக்கிறான், காளை களிறு எறிந்து மீள்கிறான். பதிற்றுப்பத்தில் சேரனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்கிறார்கள், வீரர்களுக்குக் கவசம். அன்று நிறைந்தவன் என்றால் போரில் நிறைந்தவன். பிறகு வள்ளுவர் அதைத் திருப்பி வேறு பக்கம் வைத்தார். சான்றாண்மைக்கு ஐந்து தூண் சொல்கிறார்: அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், கல்வி அதில் இல்லை. கல்விக்குத் தனி அதிகாரமே எழுதியவர்தான் அவர், மறந்துபோய் விட்டிருக்க மாட்டார். நாம் சான்றோரைத் தேடிச் சான்றிதழ் நகல் கேட்கிறோம்.

பிசிராந்தையாரிடம் ‘இத்தனை வயதாகியும் ஏன் ஐயா நரைக்கவில்லை’ என்று கேட்டார்களாம். மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே’ என்றார். அவர் ஊரைச் சொன்னார், சங்கத்தைச் சொல்லவில்லை. எனக்கு முடி எப்போதோ வெளுத்துவிட்டது, அதற்கு ஊரைக் குறை சொல்ல மாட்டேன். அச்சு மையும் கடனும்தான்.

உங்கள் எண்ணத்தை நான் மட்டமாக நினைக்கவில்லை. நம்மூர் பிள்ளைகள் டாக்டரும் பொறியாளரும் விரிவுரையாளருமாக வந்திருப்பது சின்ன விஷயமா? இரண்டு தலைமுறைக்கு முன்னால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்தோம். ஆனால் அந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கட்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியபோது, அதில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். துறையின் நூலகத்துக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது பால் வெட்டியவர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நூலகத்தின் படியைக்கூட மிதித்ததில்லை. நம்மூரிலேயே, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எடுத்த முயற்சியைப் பாருங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தொழிலாளர் தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். கைநாட்டுக்காரர் ஆயிரக்கணக்கில் சேர்ந்து எடுத்த முடிவு அது. பட்டதாரிகள் மட்டும் என்றிருந்தால் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்திருப்பார்கள்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘பேச விரும்புவோரும் கேட்க விரும்புவோரும் வரலாம்’ என்று போடலாம், அதே நீளம்தான், வடிவமைப்பு கெடாது. இரண்டாவது, சனிக்கிழமை காலை 10 மணி என்று வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் காட்டில் குலை வெட்டுகிறவர்களும் ஷிப்ட் பார்க்கிறவர்களும் வர முடியாது, சாயங்காலமாக்குங்கள். மூன்றாவது, முதல் கூட்டத்தில் பேச நீங்கள் அழைத்திருக்கும் பேராசிரியர் பேசட்டும், நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது லயத்தைக் காலி செய்ய மறுத்துக் கணக்குக் கேட்ட அம்மா ஒருவர் நம்மூரில் இருக்கிறாரே, அவரையும் உட்கார வையுங்கள். பெயரை நான் எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். அவரிடமும் ஏதாவது டின் இருக்கும்.

மாற்றத்துக்குத் தனிக் காசு வேண்டாம். புரூப் கம்ப்யூட்டரில் அப்படியே திறந்து கிடக்கிறது, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமை காலை 300 அட்டையும் தயாராக இருக்கும். இல்லை, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றாலும் அடித்துத் தருவேன், வாங்கிய முன்பணத்துக்கு வேலை செய்யத்தானே வேண்டும். ‘ஜீ’யை மட்டும் நெடிலாக்கிவிடுகிறேன்.

அப்புறம், கிரீம் அட்டையா வெள்ளை அட்டையா என்று செயலாளர் தம்பி சொல்ல மறந்துவிட்டார். தங்க எழுத்துக்குக் கிரீமில் எடுப்பு போதாது. அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அச்சுக்காரன்